கைக்கு எட்டும் ஒரு கிளை

எங்கள் தெருவில் 17 மரங்கள். வேம்பு 6, புங்கன் 5, நெட்டிலிங்கம் 3, தென்னை 2, மயில்கொன்றை 1. மதுரை வெயிலுக்கு இத்தனை மரம் நிற்கிற தெரு அமைவது கொடுப்பினை என்று வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். போன தை மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் என் மகளும் ஒவ்வொரு மரத்தடியிலும் போய் நின்று கையைத் தூக்கிப் பார்த்தோம். நான் கையைத் தூக்கினால் ஆறரை அடி எட்டும். ஒன்பது வயதுக்காரிக்கு ஐந்தேகால். ஒரே ஒரு மரத்தின் முதல் கிளையாவது எங்கள் கையில் பட வேண்டுமே. படவில்லை. 17 மரத்திலும் படவில்லை.

மரம் ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. அதற்கு ஒரு மரம் வேண்டும். அந்த மரத்தில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கிளை வேண்டும். ஐந்து மாதமாகத் தேடுகிறேன்.

எனக்கு 42 வயது. பிறந்தது நத்தம் பக்கம். மாவும் புளியும் விளைகிற ஊர். மரம் ஏறத் தெரியாமல் அந்த ஊரில் ஒருத்தி எப்படி வளர்ந்தாள் என்று கேட்பீர்கள். நான் பெண் பிள்ளை, அதனால்தான். என் அண்ணன் தம்பிகள், சித்தப்பா மக்கள், பக்கத்து வீட்டுப் பையன்கள் எல்லோரும் ஏறினார்கள். மரக்குரங்கு விளையாட்டு என்று ஒன்று உண்டு. வட்டத்துக்குள் இருக்கிற குச்சியைத் தூர எறிவார்கள். பிடிக்கிறவன் ஓடிப்போய் அதை எடுத்து வந்து வட்டத்தில் போடுவதற்குள் எல்லோரும் மரத்தில் ஏறிவிட வேண்டும். நான் அந்த விளையாட்டில் குச்சியை எறிந்து கொடுத்ததோடு சரி. மாங்காய் பறிக்கிற காலத்தில் கீழே சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புளி உலுக்குகிற காலத்தில் கீழே பொறுக்குவேன். ஒருமுறை கொய்யா மரத்துக் கவட்டையில் கால் வைத்துவிட்டேன். "பொட்டப்புள்ள ஏறுனா மரம் பட்டுப்போகும்டி" என்று அப்பத்தா காலைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கொய்யா பட்டுப்போகவில்லை. நான்தான் அதற்கப்புறம் ஏறவில்லை.

இப்போது என் மகள் கேட்கிறாள், "அம்மா, மரத்துல எப்படி ஏறணும்? மொதல்ல கைய வைக்கணுமா, கால வைக்கணுமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது ஆண்டு மரத்தடியிலேயே நின்றவளுக்கு இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரிதான் முடிவு செய்தேன், இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்வது என்று.

தெரு மரங்களுக்கு வருகிறேன். புங்கன் இயல்பிலேயே தாழ்வாகக் கிளை பிரிகிற மரம். சும்மா விட்டால் இடுப்புயரத்தில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து, குடை மாதிரி விரியும். குழந்தைகள் ஏறுவதற்கென்றே வளர்கிற மரம் அது. எங்கள் தெருவில் ஐந்து புங்கனும் பத்தடி வரை மொட்டைக் கம்பம். உடம்பெல்லாம் வெட்டுத் தழும்பு, தட்டையாக, வட்ட வட்டமாக. சிலதில் பட்டை சுருண்டு வந்து பாதி மூடியிருக்கிறது. ஒரு மரத்தில் எண்ணினேன், பதினொரு தழும்பு. அந்தப் பதினொன்றும் ஏறுவதற்கான படிகள்.

ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். மேலே மின்கம்பி போகிறது, அதற்காக உச்சியை வெட்டுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பி உரசினால் உயிர் போகும். ஆனால் கீழே? பள்ளிப் பேருந்தின் கூரை உரசுகிறது, கார் நிறுத்த இடைஞ்சல், வாசலில் இலை கொட்டுகிறது, கம்பளிப்பூச்சி வருகிறது, நடக்கிறவர் தலையில் இடிக்கிறது, கடைப் பலகை மறைகிறது. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கிளை போகிறது. ஒரு கிளைக்காக ஒரு மனுஷர் வந்து நின்று வேண்டாம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதில் மரத்துக்கும் நல்லது எதுவும் இல்லை. கீழ்க்கிளைகள்தான் இளம் மரத்தின் அடித்தண்டைப் பருக்க வைக்கின்றன. அவற்றை ஒட்டக் கழித்துவிட்டால் தண்டு ஒல்லியாக நிற்கும், பாரம் முழுவதும் உச்சிக்குப் போகும், காற்றடித்தால் ஆட்டம் கூடும். அடியைச் சுற்றி சிமென்ட் பூசி வேரையும் நெரித்துவிடுகிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே. அதற்கப்புறம் மரம் என்றாலே ஆபத்து என்ற பேச்சுத்தான் வளர்ந்தது. அதன் காலடியில் நாம் செய்து வைத்திருப்பதைப் பற்றிய பேச்சு வளரவில்லை.

தெருவில் இல்லை, சரி, பூங்காவில் இருக்கும் என்று போனோம். இருந்தது. எங்கள் பகுதிப் பூங்காவின் தென்மேற்கு மூலையில் ஒரு பழைய புங்கன், சின்ன வயதில் எதன் மேலோ சாய்ந்து வளர்ந்திருக்க வேண்டும். முதல் கவட்டை என் இடுப்புக்கு வந்தது. என் மகள் அதைப் பார்த்ததும் ஓடினாள். இரண்டு கையையும் கவட்டையில் ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வைத்தாள். அவ்வளவுதான், விசில் சத்தம். காவலாளி வந்துவிட்டார். வயதானவர், மூச்சு வாங்க வந்தார். "யக்கா, எறக்குங்கக்கா. மேல இருந்து பாத்தா எனக்குத்தான் மெமோ குடுப்பாங்க." அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சண்டை போட மனம் வரவில்லை. அறிவிப்புப் பலகையில் இருக்கிறது: பூப் பறிக்காதீர், புல்லில் நடக்காதீர், பந்து விளையாடாதீர், மரத்தில் ஏறாதீர்.

அந்தப் பூங்காவின் நடுவில் வேறொரு மரம் இருக்கிறது. சிமென்ட் மரம். பட்டை மாதிரியே கோடு கிழித்து, பழுப்பு வர்ணம் அடித்து, பொந்து வைத்து, அந்தப் பொந்தில் ஒரு சிமென்ட் ஆந்தையும் வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் இரும்புப் படி. குழந்தைகள் வரிசையாக நின்று அந்தப் படியில் ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்குகிறார்கள். முப்பதடி தள்ளி உயிருள்ள மரம் நிற்கிறது; அதைத் தொட்டால் விசில். வெயிலில் அந்த இரும்புப் படி சுட்டு, என் மகள் கையை உதறிக்கொண்டு இறங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது.

ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். அதிகம் கேட்கவில்லை. பூங்காவில் ஒரே ஒரு மரத்தை ஆறடிக்குக் கீழே கழிக்காமல் விடுங்கள், அடியில் சிமென்டுக்குப் பதிலாக ஆற்று மணலோ மரத்தூளோ போடுங்கள், பெற்றவர்கள் உடன் நின்றால் பிள்ளைகள் இந்த மரத்தில் ஏறலாம் என்று ஒரு பலகை வையுங்கள். பட்டுப்போன கிளை இருக்கிறதா, குளவிக் கூடு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, இரண்டே வரியில். பூங்காவில் போதிய விளையாட்டுச் சாதனங்கள் உள்ளன. மரம் ஏற அனுமதி வழங்க இயலாது. என் மனுவைப் படித்தவர் யாராக இருந்தாலும் அவரும் ஏதோ ஒரு மரத்தில் ஏறி வளர்ந்தவராகத்தான் இருப்பார். அதை நினைத்தால்தான் மனது ஆறவில்லை.

மரம் நடுகிற வேகத்துக்குக் குறைவில்லை. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தை 2022இல் தொடங்கினார்கள். நல்ல காரியம், நானும் கன்று நட்டிருக்கிறேன். நகரங்களில் மியாவாக்கிக் காடுகளும் வந்துவிட்டன. அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானிய தாவரவியலாளர் வகுத்த முறை. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்றுகளை நெருக்கி நடுவார்கள். நெருக்கத்தில் ஒவ்வொன்றும் வெளிச்சத்துக்காக மேல்நோக்கி ஓடும், நிழலில் கிடக்கிற கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். சில ஆண்டிலேயே குளிர்ந்த பச்சைச் சுவர் மாதிரி எழும்பிவிடுகிறது. பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிற குழந்தைக்கு ஒல்லி ஒல்லியான கழிகள்தான் தெரியும். ஒரு மரம் தாழ்ந்து விரிய வேண்டுமானால் அதற்குச் சுற்றிலும் வெட்டவெளி வேண்டும். நகரத்தில் யார் ஒரு மரத்துக்கு அவ்வளவு இடம் விடுகிறார்கள்?

தெரிந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் வழி சொன்னார்கள். பெரிய நகரத்தில் செயற்கைச் சுவர் ஏறுகிற கூடம் இருக்கிறது என்றார்கள். மலைப்பக்கத்து விடுதிகளில் தலைக்கவசம் மாட்டி, கயிற்றில் கோர்த்து இழுத்துவிடுவார்கள் என்றார்கள். விழுப்புரத்தில் மல்லர் கம்பம் சொல்லித்தருகிறார்களே, போங்களேன் என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் தடவிய கம்பத்தில் அந்தப் பிள்ளைகள் செய்கிற வித்தையைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். ஆனால் கம்பத்துக்குக் கிளை கிடையாது. எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று அது கேட்காது. கிருஷ்ண ஜெயந்திக்கு வழுக்குமரம் நடுகிறார்கள். அது வருஷத்தில் ஒரு நாள், அதுவும் வாலிபர்களுக்கு. தென்னை ஏறப் பயிற்சி உண்டு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் ஆறு நாளில் கருவி வைத்து ஏறக் கற்றுத்தருகிறார்கள். கேரளத்தில் பெண்களும் கற்றுக்கொண்டு அதையே தொழிலாகச் செய்கிறார்கள். மனதுக்கு நிறைவான செய்தி. ஆனால் அது தொழிலுக்கான பயிற்சி, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இடமில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர் 1983இல் மரம் ஏறுகிறவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, யார் வந்தாலும் கயிறு கட்டி ஏறக் கற்றுக்கொடுத்தார். பனையை மாநில மரமாக வைத்திருக்கிற நம் நாட்டில், தளைநாரைக் காலில் மாட்டி ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பனை ஏறி இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிற நாட்டில், ஒரு பிள்ளை முதல் அடி எடுத்து வைக்க இடமில்லை.

பங்குனியில் ஊருக்குப் போனோம். மாமாவின் மாந்தோப்பு இருக்கிறது, அங்கே போய்விட்டால் கவலையில்லை என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். என் ஞாபகத்தில் இருந்த தோப்பில் மரத்துக்கு மரம் முப்பதடி இடைவெளி. நாட்டு மா, அடிமரம் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவு. போய்ப் பார்த்தால் தோப்பே மாறியிருந்தது. மாமா பழைய மரங்களை எடுத்துவிட்டு அடர்நடவு போட்டிருந்தார். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஏக்கருக்கு 674 ஒட்டுக்கன்று. ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் கவாத்து பண்ணி ஆளுயரத்திலேயே நிறுத்துகிறார்கள். தரையில் நின்றபடியே காய் பறிக்கலாம். "ஏறுறதுக்கு ஆளு எங்கம்மா கெடைக்கிது? கெடைச்சாலும் கூலி கட்டல. இப்ப நானே பறிச்சிருவேன்" என்றார் மாமா. அவருக்கு 68 வயது. அவர் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க முடியாது. மறுக்க முடியாததுதான் கஷ்டமாக இருந்தது. என் மகள் ஒரு கன்றின் கிளையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் மணிக்கட்டைவிட மெலிசு.

தோப்பில் இல்லையென்றால் ரோட்டோரப் புளிக்குப் போகலாம் என்று நினைத்தேன். ஊர் எல்லையில் வரிசையாக நின்ற புளியமரங்களில் பாதி, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டன. மீதி குத்தகையில் இருந்தன. புளி உலுக்குகிற காலம். குத்தகைக்காரர் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். காய் வேண்டாம், ஏறிப் பழகத்தான் என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை இந்த ஐந்து மாதத்தில் எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன். விழுந்தால்? விழுந்தால் அடிபடும். முதுகெலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர்களை நானும் பார்த்திருக்கிறேன், எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் யார் விழுகிறார்கள் என்று பாருங்கள். ஆனி ஆடியில் பழத்துக்கு ஆசைப்பட்டு நாவல் மரத்தில் இருபதடி ஏறுகிற பையன் விழுகிறான். நாவல் கிளை மொடுக்கென்று முறியும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முருங்கையில் கால் வைக்கக் கூடாது என்பது தெரியாதவன் விழுகிறான். மழை பெய்து பாசி பிடித்த பட்டையில் செருப்புக் காலோடு ஏறுகிறவன் விழுகிறான். கொய்யாவும் புளியும் வளையுமே தவிர ஒடியாது, உண்டிவில் செய்யக் கொய்யாக் கவட்டையைத் தேடியது அதனால்தான் என்பதெல்லாம் நாலடி உயரத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். நாலடியில் கற்றுக்கொள்ள இடம் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, இருபதடியில் இருந்து விழுந்தவனைத் திட்டுகிறோம்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவுக்குத் தேங்காய் பறிக்க வருகிற அண்ணன். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பாதத்தின் உட்பக்கமும் கணுக்காலும் காய்ப்புக் காய்த்து, தோல் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள், பறித்து முடித்து அவர் இளநீர் சீவிக்கொண்டிருந்தபோது என் குறையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை நான் மறக்க மாட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை இருக்கிறது, அதில் ஒரு பூவரசு நிற்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார்.

அந்தப் பூவரசைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலிக் கம்பாக ஊன்றியது துளிர்த்து மரமானது போல. நேராக இல்லாமல் கிழக்கே ஒருக்களித்து நின்றது. நாலடியில் முதல் கிளை, என் தொடைப் பருமன். அதற்கு எதிர்ப்புறம் ஒன்றரை அடி மேலே இரண்டாவது. அப்புறம் ஒரு கவட்டை. யாரோ அளந்து வைத்த படிக்கட்டு மாதிரி. பட்டை சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று, கால் வழுக்காமல் பிடிமானம் தந்தது.

மகளை நான் இடுப்பில் பிடித்துத் தூக்கப் போனேன். அண்ணன் தடுத்துவிட்டார். "தூக்கி விடாதீங்கம்மா. தானா ஏறுன உசரத்துல இருந்துதான் தானா எறங்க முடியும். தூக்கிவிட்ட புள்ளைக்கு எறங்குற வழி தெரியாது." பனையேறுகிறவனை எட்டின மட்டும்தான் தாங்கலாம் என்று நாம் சொல்வோம். அந்த எட்டின மட்டும் தாங்குகிற வேலையையும் மரமேதான் செய்ய வேண்டும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்குத்தான் அந்தத் தாழ்ந்த கிளை.

முதலில் கையா காலா என்ற என் மகளின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. முதலில் கண். எந்தக் கிளையில் இலை இல்லை, எதில் பட்டை உரிந்திருக்கிறது, எங்கே எறும்பு சாரி போகிறது என்று கீழே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். அப்புறம் கை. கிளையைப் பிடித்து உடம்புப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கால், அதுவும் கிளை நுனியில் இல்லை, தண்டோடு ஒட்டுகிற இடத்தில். இரண்டு கை இரண்டு கால் நான்கில், எப்போதும் மூன்று மரத்தைப் பற்றியிருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். முன்கைப் பருமனுக்குக் குறைந்ததை நம்பக் கூடாது. "கீழ பாக்காதன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க பாருங்க. ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் திரும்ப எங்க காலு வைக்கணும்னு பாத்து வச்சுக்கங்க" என்றார் அண்ணன்.

என் மகள் அந்தக் கவட்டைக்கு ஐந்து நிமிடத்தில் போய்விட்டாள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. முதல் ஞாயிறு முதல் கிளையிலேயே முன்கை சிராய்த்து, தோள் நடுங்கி இறங்கிவிட்டேன். மூன்றாவது ஞாயிறு கவட்டையில் உட்கார்ந்தேன். தரையில் இருந்து ஏழடி இருக்கும், அதிகமில்லை. ஆனால் மரத்துக்கு உள்ளே இருந்து பார்க்கிற மரம் வேறு. இலைகளின் அடிப்பக்கம் தெரிகிறது. வெயில் பச்சையாக இறங்குகிறது. கைக்குப் பக்கத்தில் அன்று பூத்த மஞ்சள் பூவும், நேற்றுப் பூத்துச் சிவந்து வாடிய பூவும் ஒரே கொப்பில் இருந்தன. காற்று வந்தபோது நான் உட்கார்ந்திருந்த கிளை மெதுவாக அசைந்தது, என் உடம்பும் அதோடு அசைந்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற காலத்தில் என் தம்பிகள் ஏன் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள் என்று எனக்கு 42 வயதில் தெரிந்தது. மகள் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதினாள். எதிர் வீட்டு மாடியில் இரண்டு பிள்ளைகள் வந்து நின்று பார்த்தன. அடுத்த வாரம் அந்தப் பிள்ளைகளும் வந்தன, ஒரு பாட்டியும் வேடிக்கை பார்க்க வந்து, கல்லில் உட்கார்ந்து, தான் கல்யாணத்துக்கு முன்னால் ஏறிய புளியமரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

மொத்தம் ஐந்து ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது ஞாயிறு போனபோது மனையின் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்தார். கோபமாகப் பேசவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நாலு பிள்ளைக ஏறுதுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கேஸு என் மேலதான் வரும். மரத்த வெட்டச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல. நெழலு இருக்கட்டும்னு விட்டுட்டேன். கீழ் ரெண்டு கெளைய மட்டும் எடுத்தாச்சு, இனிமே யாரும் ஏற மாட்டாங்க."

மரம் அப்படியே நின்றது. நிழலும் இருந்தது. நாலடியில் ஒரு வெட்டு, ஐந்தரை அடியில் ஒரு வெட்டு. உள்கட்டை ஈரமாக, ஓரம் வெளுத்து நடுவில் சிவந்து தெரிந்தது. ஐந்து ஞாயிறாக என் உள்ளங்கை பதிந்து பதிந்து பழகிய இடம் அது. அந்தக் கிளைகள் சுவரோரம் கிடந்தன. பூ இன்னும் வாடியிருக்கவில்லை. எதிர் வீட்டுப் பிள்ளைகள் மாடியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டன.

இதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது? காவலாளிக்கு மெமோ பயம், மாமாவுக்குக் கூலி கட்டவில்லை, குத்தகைக்காரருக்குப் பதில் சொல்கிற பயம், மனைக்காரருக்கு வழக்குப் பயம். ஒவ்வொருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லா நியாயமும் சேர்ந்து கடைசியில் அந்தக் கீழ்க்கிளையில்தான் அரிவாளாக விழுகிறது.

இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். மதுரையில் இருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வருகிற தூரத்தில், அலங்காநல்லூர்ப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ, கழிக்காத ஒரு கொய்யாவோ பூவரசோ புளியோ உங்கள் நிலத்தில் நின்றால் சொல்லுங்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் போதும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். காயில் கை வைக்க மாட்டோம். பிஞ்சு இருக்கிற கிளைப் பக்கமே போக மாட்டோம். விழுந்தால் நாங்களே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆள் வைத்து மரம் கழிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்னால் ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள், வந்து கேட்டுக்கொள்கிறேன், அந்த அடிக்கிளை ஒன்றை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது, வழியில் இருக்கிற ஒவ்வொரு மரத்தடியிலும் என் மகள் ஒரு நொடி நின்று கையைத் தூக்கிப் பார்க்கிறாள். இப்போது அவள் கை ஐந்தரை அடி எட்டுகிறது.